ஏறுவதும் இறங்குவதும் ஒன்றல்ல

தொலைக்காட்சித் தொடரில் யாரோ ஒருவர் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கும் காட்சி வந்தால், பின்னணியில் நீளமாக ஓர் ஒலி கிளம்பும். கிளம்பிய நிலையிலேயே நிற்கும். காட்சி மாறியதும் யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் அறுந்துவிடும். விளம்பரம், பக்திப் பாடல், குறும்படம், யூடியூப் செய்தித் தொகுப்பு என்று காதைத் திருப்பும் இடமெல்லாம் சிந்தசைசர்தான். அதை ‘மெஷின் சத்தம்’ என்று ஒதுக்குகிறவர்களின் எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால், பழியைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். அந்த ஒலி உயிரற்றுக் கிடப்பதற்கு அது மின்சாரத்தில் பிறந்தது காரணமல்ல. அதற்குள் அசைவே இல்லை. அசைவு இருந்தாலும், அது ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் சமமான, ஒரே அளவான அசைவு. இந்தக் குறைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கருவிக்குள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்ளும் என்வலப், அதாவது லூப் என்வலப். சிந்தசைசர் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு ப்ரீசெட் என்னும் ஆயத்த ஒலிகளின் பட்டியலைக் காட்டுவதற்கு முன் இதைத்தான் காட்ட வேண்டும் என்பது என் வாதம்.

என்வலப் என்பது ஓர் ஒலி எழுந்து அடங்கும் வரைக்குமான போக்கு. விசையை அழுத்தியதும் எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்கு ஏற வேண்டும், அங்கிருந்து எவ்வளவு நேரத்தில் சற்றுத் தணிய வேண்டும், விரல் இருக்கும்வரை எந்த அளவில் நிற்க வேண்டும், விரலை எடுத்த பின் எவ்வளவு நேரத்தில் மறைய வேண்டும் என்ற நான்கையும் அது முடிவுசெய்கிறது. அட்டாக், டீகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று நான்கு குமிழ்களாகவோ நகர்த்திகளாகவோ அது பெரும்பாலான சிந்தசைசர்களில் இருக்கும். நியூயார்க்கின் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னிசை மையத்தில் இருந்த விளாதிமிர் உஸ்ஸசெவ்ஸ்கி, 1965-ல் சிந்தசைசர் தயாரிப்பாளர் ராபர்ட் மோகிடம் இப்படி ஒன்று வேண்டும் என்று வரையறுத்துக் கேட்டதிலிருந்து வந்த ஏற்பாடு இது. பார்த்தால் சாதாரண ஒலியளவுக் கட்டுப்பாடுபோல் தெரியும். உண்மையில், ஒரு கருவியை இன்ன கருவி என்று நம் காது கண்டுகொள்வதில் பெரும்பங்கு இந்தப் போக்குக்குத்தான். 1948-ல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் மணியோசையைப் பதிவுசெய்து, அடி விழும் அந்தத் தொடக்கக் கணத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மீதியை ஓடவிட்டார். மணி காணாமல் போய்விட்டது. ஏதோ ஊதுகருவி ஒலிப்பதுபோல் இருந்தது. 1964-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. தொடக்கத்தை நீக்கிவிட்டு ஒலித்துக் காட்டினால், எது எந்தக் கருவி என்று சொல்வதில் கேட்பவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். ஒலியின் அடையாளம் அதன் சேர்மானத்தில் மட்டும் இல்லை. அது காலத்தில் எப்படி நடந்துபோகிறது என்பதிலும் இருக்கிறது.

விசையை அழுத்தினால் ஒரு தடவை ஓடி முடிவது வழக்கமான என்வலப். முடிந்த கணத்திலேயே தன் தொடக்கத்தைத் தானே தூண்டிக்கொண்டால் அது லூப் ஆகிறது. இது பின்னாளில் யாரோ சேர்த்த ஒட்டுவேலை அல்ல. 1969-ல் லண்டனின் இஎம்எஸ் நிறுவனம் வெளியிட்ட விசிஎஸ்3 சிந்தசைசரில் என்வலப்புக்கு நான்கு குமிழ்கள்: ஏறும் நேரம், நிற்கும் நேரம், இறங்கும் நேரம், ஓய்ந்திருக்கும் நேரம். கடைசிக் குமிழை முழுவதும் திருப்பிவிட்டால் விசைக்காகக் காத்திருக்கும். சற்றுக் குறைத்தால் ஓய்வு முடிந்ததும் தானாக மறுபடி ஏறத் தொடங்கிவிடும். கலிஃபோர்னியாவில் டான் புக்லா, கறுப்பு வெள்ளைக் கட்டைகளே தேவையில்லை என்று தொடுதகடுகளை வைத்துக் கருவி செய்தவர். அவருடைய 1970-களின் கருவிகளில் என்வலப்பைத் தானாக ஓடவிடும் நிலை ஒரு சுவிட்சில் இருந்தது. கலிஃபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் தி ஆர்ட்ஸில் கற்பித்துவந்த செர்ஜ் செரெப்னின் இன்னும் ஒருபடி மேலே போனார். என்வலப், அலைவு, தாமதம் என்று தனித்தனிப் பெட்டிகள் எதற்கு? ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் தனித்தனியே திருப்பக்கூடிய ஒரே மின்சுற்றை வைத்து, அதன் முடிவிலிருந்து வரும் துடிப்பை ஒரு வயரால் அதன் தொடக்கத்துக்கே இணைத்துவிட்டால் போதும் என்றார். இன்று தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைக்கும் மாடுலர் சிந்தசைசர் வைத்திருக்கும் பலரின் பெட்டிகளில் இருக்கும் மேக் நாய்ஸ் நிறுவனத்தின் மேத்ஸ் இந்த வழியில் வந்ததுதான்.

இவ்வளவு பழைய வசதி ஏன் பரவலாகத் தெரியவில்லை? கீபோர்டு வென்றதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1970-ல் வந்த மினிமோகிலிருந்து சிந்தசைசர் என்றாலே பியானோ கட்டைகள் பொருத்திய பெட்டி என்று ஆயிற்று. விரல் பட்டால் ஒலி, விரல் எடுத்தால் அமைதி. அந்தப் பெட்டியில் என்வலப் விரலின் வேலைக்காரன். அது தன்னிஷ்டத்துக்கு ஓடுவதற்கு அங்கே இடமில்லை. 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபோது அதன் உள்ளமைப்பைத் திருத்துவது அவ்வளவு சள்ளை பிடித்த வேலையாக இருந்ததால், பெரும்பாலோர் தொழிற்சாலையில் ஏற்றிக்கொடுத்த ஒலிகளோடு நின்றுவிட்டார்கள். அதன் மின்பியானோ ஒலி ஒன்று எண்பதுகளின் காதல் பாடல்களில் எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஒலியைச் செய்கிறவர் ஒலியைத் தேர்ந்தெடுக்கிறவராக மாறிய கட்டம் அது.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். அசைவு வேண்டும் என்றால் எல்எஃப்ஓ (மெதுவாக அலைந்து மற்றவற்றை அசைக்கும் தாழ் அதிர்வெண் அலைவி) இருக்கிறதே, அதுவும் திரும்பத் திரும்ப ஓடுவதுதானே என்று சிந்தசைசர் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் எல்எஃப்ஓவின் இயல்பான வடிவம் சைன் அலை அல்லது முக்கோணம். வேகத்துக்கு ஒரே ஒரு குமிழ். ஏற எவ்வளவு நேரமோ இறங்கவும் அவ்வளவே. இயற்கையில் திரும்பத் திரும்ப நிகழ்கிறவற்றில் எத்தனை அப்படி நடக்கின்றன? நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயத்தின் ஒரு சுழற்சி ஏறத்தாழ 0.8 நொடி, அதில் இதயக் கீழறைகள் சுருங்க 0.3 நொடி, விரிந்து நிரம்ப 0.5 நொடி. ஓய்வாக இருக்கும்போது மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் அதிகம். கரையில் அலை சடாரென்று உடைகிறது, பிறகு நுரையை இழுத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குகிறது. மீட்டிய தந்தி ஒரு கணத்தில் உச்சம் தொட்டு, பல நொடி எடுத்து அடங்குகிறது. ஏற்றமும் இறக்கமும் சமமாக இல்லாததுதான் இவற்றுக்குள் பொதுவானது. ஒயிட் நாய்ஸ் என்னும் வெறும் இரைச்சலை ஃபில்டர் (சில அதிர்வெண்களை வடிகட்டும் பகுதி) வழியே அனுப்பி, அந்த ஃபில்டரை சைன் எல்எஃப்ஓவால் பத்து நொடிக்கு ஒருமுறை திறந்து மூடுங்கள். கொல்லன் துருத்திபோல் ஒலிக்கும். அதே பத்து நொடியை லூப் என்வலப்பில் இரண்டு நொடி ஏற்றம், எட்டு நொடி இறக்கம் என்று பிரித்துவிடுங்கள், கடல் வந்துவிடும். இரைச்சல் அதுவே, ஃபில்டர் அதுவே. மாறியது நேரப் பங்கீடு மட்டும்.

இன்னும் நெருங்கிப் பார்க்க, சுவர்க்கோழியைச் செய்துபார்க்கலாம். தமிழ் சினிமாவில் கிராமத்து இரவு என்றாலே பின்னணியில் ஒலிக்கும் அதே பூச்சி. ஒலி அலையை உருவாக்கும் ஓர் ஆஸிலேட்டரை 4,500 ஹெர்ட்ஸ் அளவில் சைன் அலையாக வைத்துக்கொள்ளுங்கள். வயல்வெளிச் சுவர்க்கோழிகளின் ஒலி ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும். அதன் ஒலியளவை ஒரு லூப் என்வலப்பிடம் கொடுங்கள்: ஏற 10 மில்லி நொடி, இறங்க 20 மில்லி நொடி. நொடிக்கு முப்பத்துச் சொச்சம் அதிர்வுகளாக ஒரு கரகரப்பு வரும். இது இன்னும் பூச்சி இல்லை, பழைய அலாரம் கடிகாரம். இரண்டாவது லூப் என்வலப் ஒன்றை எடுத்து, முதலாவதன் மேல் கதவாக வையுங்கள்: 120 மில்லி நொடி திறப்பு, 300 மில்லி நொடி மூடல். இப்போது நான்கு நான்கு அதிர்வுகளாகக் கொத்துக் கொத்தாக ‘கிர்ரி, கிர்ரி’ என்று வரும். பூச்சி வந்துவிட்டது, ஆனால் பிளாஸ்டிக் பூச்சி. மூன்றாவதாக ஒரு மிக மெதுவான லூப், ஏற ஒன்பது நொடி, இறங்க பதினான்கு நொடி, எடுத்து அதை ஒலியளவோடு இணைக்காமல் இரண்டாவது லூப்பின் ஓய்வு நேரத்தோடு இணைத்துவிடுங்கள். கூப்பிடும் வேகம் சற்றே கூடிக் குறையும். வெப்பம் கூடினால் சுவர்க்கோழி வேகமாகக் கத்தும், குளிர்ந்தால் நிதானிக்கும் என்பதை வைத்து 1897-லேயே ஏமஸ் டோல்பியர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெப்பநிலையைக் கணக்கிடச் சூத்திரம் எழுதியிருக்கிறார். அந்தத் தளர்வும் இறுக்கமும்தான் நம் காதை நம்பவைக்கிறது. மூன்று லூப், ஒரு சைன் அலை, பதிவுசெய்த ஒலித்துணுக்கு (சாம்பிள்) ஒன்றுகூட இல்லை.

முதல் லூப்பின் குமிழ்களை மட்டும் இன்னும் குறுக்கிக்கொண்டே போங்கள். ஏற ஒரு மில்லி நொடி, இறங்க ஒரு மில்லி நொடி என்ற இடத்தில் அது நொடிக்கு 500 முறை ஓடும். இப்போது அது தாளமாகக் கேட்காது. 4,500 ஹெர்ட்ஸுக்கு இருபுறமும் 4,000, 5,000 என்று புதிய அதிர்வெண்கள் முளைத்து ஒலியின் நிறமே மாறிவிடும். நொடிக்கு ஏறத்தாழ இருபது என்ற எல்லையைத் தாண்டும்போது தாளம் சுருதியாகிறது. அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் சுருதி தாளமாகச் சிதறுகிறது. கொலோன் வானொலி நிலையத்தில் 1958 முதல் 1960 வரை உருவாக்கிய ‘கொண்டாக்டே’ படைப்பில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் இதையே வெளிப்படையாகச் செய்துகாட்டினார். உயரத்திலிருந்து வழுக்கி விழும் ஒரு சுரம் தனித்தனித் துடிப்புகளாகப் பிரிந்துபோகும் கட்டம் ஒன்று அதில் வருகிறது. அவருக்கு அதற்கு நாடாக்களும் மாதக்கணக்கில் உழைப்பும் தேவைப்பட்டன. லூப் என்வலப்பில் அது குமிழைத் திருப்பும் வேலைதான்.

அடுத்தது காலத்தைப் பற்றிய சண்டை. 1983-ல் மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி வந்ததும் அதன் கடிகாரமும் வந்தது. ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு 24 துடிப்பு என்று எல்லாக் கருவிகளையும் ஒரே கணக்கில் கட்டியது. கச்சிதமான கண்டுபிடிப்பு, மறுப்பதற்கில்லை. விளைவு என்னவென்றால், இன்றைய மென்பொருள் எதைத் திறந்தாலும் அசைகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘சிங்க்’ என்ற பொத்தான் இருக்கிறது. பலர் யோசிக்காமல் அதை அமுக்கிவிடுகிறார்கள். ஃபில்டர் இரண்டு தாளத்துக்கு ஒருமுறை திறக்கும், ஒலி நாலு தாளத்துக்கு ஒருமுறை இடமிருந்து வலம் போகும். நான்காவது சுற்றில் காதுக்கு எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பின் கேட்பதற்கு ஒன்றுமில்லை. இதற்கு மாறாக மூன்று லூப்களை 7 நொடி, 11 நொடி, 13 நொடி என்று தாளத்தோடு கட்டாமல் ஓடவிட்டால், மூன்றும் புறப்பட்ட நிலைக்கு ஒன்றாகத் திரும்பி வர 1,001 நொடி ஆகும். பதினாறு நிமிடம் நாற்பத்தொரு நொடி. ஒரு பாட்டின் நீளத்துக்குள் ஒரே சேர்க்கை இரண்டாம் முறை வரவே வராது. பிரையன் ஈனோவின் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்தில், வெவ்வேறு நீளமுள்ள நாடாக்களில் ஆளுக்கொரு சுரத்தை வைத்துச் சுற்றவிட்ட பகுதி இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. நமக்கு இது புதிதும் அல்ல. கச்சேரியில் தம்புரா மீட்டுகிறவர் தாளத்தோடு ஒட்டி மீட்டக்கூடாது என்பது பாலபாடம். நாலு தந்தியும் சுற்றிச் சுற்றி ஒலிக்கும், ஆனால் அந்தச் சுற்று தாளக்காரரின் சுற்றில் மாட்டிக்கொள்ளாது. மேடையில் எல்லாரும் ஒரே ஆவர்த்தனத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, தாளத்துக்குக் கட்டுப்படாத அந்த ஒன்றுதான் எல்லாருக்கும் தரையாக இருக்கிறது.

எல்எஃப்ஓ கட்சியினருக்கு இன்னும் ஒரு பதில் பாக்கியிருக்கிறது. இன்றைய எல்எஃப்ஓவில் வடிவத்தைக் கோணலாக்கலாம், விரும்பியபடி வரையலாம், விசை அழுத்தும்போது முதலிலிருந்து தொடங்கவைக்கலாம். அப்படிச் செய்தால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பார்கள். அப்படிச் செய்தால் வேறுபாடு இல்லைதான். செரெப்னினின் மின்சுற்றும் இதைத்தான் சொல்லியது. பெயருக்காகச் சண்டை போடவில்லை. ஆனால் கருவி ஒரு பழக்கத்தை ஊட்டுகிறது. ஒரே குமிழ் இருக்கும் இடத்தில் கை வேகத்தைத்தான் மாற்றும். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு குமிழ்கள் இருந்தால் வடிவத்தைப் பற்றி யோசிக்காமல் கை வைக்கவே முடியாது. தவிர, ஒரு லூப்பின் முடிவை இன்னொன்றின் தொடக்கமாக்கும் சங்கிலி வேலை என்வலப் மரபில் இயல்பாக வருகிறது.

நடன இசையிலும் குத்துப்பாட்டிலும் தாளத்தோடு கட்டாமல் என்ன செய்வது என்ற ஆட்சேபத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். கிக்கும் பேஸும் ஆர்ப்பெஜியோவும் கடிகாரத்தோடு போக வேண்டியவை. ஆடுகிறவர் காலுக்கு நம்பகமான தரை வேண்டும். அந்த அடுக்குக்கு மேலே மிதக்கும் பேடுகளும் பின்னணி இரைச்சல்களும் தூரத்து ஒலிகளும் ஏன் அதே கடிகாரத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நேரமின்மை பற்றிய ஆட்சேபம் இன்னும் கடினமானது. நாளை மாலைக்குள் எபிசோட் போக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் இசையமைப்பாளரிடம் மூன்று லூப்பைக் கட்டிக்கொண்டிரு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் ப்ரீசெட்டைத்தான் எடுப்பார். ஆனால் எடுத்த ப்ரீசெட்டின் ஃபில்டரில் தாளத்தோடு ஒட்டாத ஒரு லூப்பைச் செருக அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை என்பதற்குக் காரணம் அவசரம் அல்ல; அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

நம் இசையை நேசிப்பவர்களிடமிருந்து வரும் மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கமகத்தில் உயிர் வாழும் இசைக்கு, திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யும் இயந்திர அசைவால் என்ன லாபம்? தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைகிற அந்தச் சுரம் எங்கே தங்குகிறது, எந்தப் பக்கம் விரைகிறது என்பது முன்பின் வரும் பிடியைப் பொறுத்து மாறுகிறது. சைன் எல்எஃப்ஓவைச் சுருதியில் இணைத்து அதைச் செய்ய முயன்றால் வருவது நடுக்கம்தான், கமகம் அல்ல. கீபோர்டில் கர்நாடக இசை என்றதும் பலர் முகம் சுளிப்பது இதனால்தான். ஏற்றம் வேறு இறக்கம் வேறு என்று பிரித்த லூப் ஓரளவு பக்கத்தில் வரும். ஓரளவுதான். அசைவின் வடிவம் சரியாக அமைந்தாலும், அடுத்த சங்கதிக்கு அது எப்படி மாற வேண்டும் என்று லூப்புக்குத் தெரியாது. எனவே கமகத்துக்கு மாற்றாக இதை விற்க முயல்வது வீண். ஆனால் பாடுகிற குரலுக்குப் பின்னால் இருக்கும் ஒலிக்கு, சுருதியை அசைக்காமல் ஒலியின் நிறத்தை மட்டும் அசைக்கும் வேலைக்கு, அது வெகு பொருத்தம். குரல் அசையும்போது பின்னணி கல்லாக நின்றாலும் தவறு, போட்டிக்கு அசைந்தாலும் தவறு. தன் பாட்டுக்கு மெல்லத் திறந்து மூடும் ஒரு ஃபில்டர் இரண்டையும் தவிர்க்கிறது.

செலவு ஒரு காலத்தில் நியாயமான தடை. மாடுலர் பெட்டி இன்றும் விலை அதிகம்தான். ஆனால் சர்ஜ் எக்ஸ்டி திறந்தமூல மென்பொருள், காசு வேண்டாம். வைட்டல் மென்பொருளின் அடிப்படைப் பதிப்பும் விசிவி ரேக்கின் ஒரு பதிப்பும் இலவசம். மூன்றிலும் லூப் வடிவங்களை உருவாக்கலாம். சாதாரண மடிக்கணினியே போதும். கையில் தொட்டுத் திருப்ப வேண்டும் என்பவர்களுக்கு, 2019-ல் வந்த ஆர்டூரியா மைக்ரோஃப்ரீக்கின் முன்பலகையிலேயே சுழலும் என்வலப் ஒன்று தனியாக இருக்கிறது. மிஞ்சுவது பாடத்திட்டம். நம் ஊர்க் கீபோர்டு வகுப்புகள் பெரும்பாலும் கிரேடு தேர்வுகளை நோக்கி ஓடுகின்றன. அங்கே பிள்ளைகள் விரல்முறையும் சுரக்குறிப்பும் கற்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அவர்கள் கையில் இருப்பது சிந்தசைசர் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஒரே ஒரு பருவம் ப்ரீசெட் பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஓர் ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், இரண்டு லூப் என்வலப் இவற்றை மட்டும் கொடுத்து, மழை, ரயில், சுவர்க்கோழி, கொதிக்கும் சோறு என்று ஒலிகளைச் செய்யச் சொல்லலாம். முதல் வாரத்தில் வருவது பெரும்பாலும் சகிக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொல்வார்கள். தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை என்று பெற்றோர்கள் சொல்வார்கள். அதற்குப் பதில், மதிப்பெண் உள்ள பாடத்தை வாரத்தில் மற்ற நாட்களில் நடத்திக்கொள்ளலாம் என்பதுதான்.